பாக்கெட்டுக்குச் சட்டம், உதிரிக்கு என்ன?

சென்ற பருவத்தில் ஒரு நாள், ஆவடியில் நான் பணிபுரியும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் முதலாண்டு மாணவன் ஒருவன் ஒரு கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளந்துகொண்டிருந்தான். அளவீடு சரி, பெருக்கலும் வகுத்தலும் சரி, ஆனால் விடை மட்டும் நம்பத்தகாததாக இருந்தது. காரணம் எளியது. மில்லிமீட்டரில் எடுத்த அளவை மீட்டராக மாற்றாமலே வாய்பாட்டில் இட்டுவிட்டான். "அலகைப் பார்த்தாயா, தம்பி?" என்று குனிந்து சுட்டிக்காட்டியபோது அவன் மூச்சில் சிகரெட்டு வாடை அடித்தது.

வகுப்பு முடிந்தபின் அவனைத் தனியே அழைத்துப் பேசினேன். கடிந்துகொள்ளவில்லை. "ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்டு?" என்று மட்டும் கேட்டேன். அவன் திடுக்கிட்டான். "பாக்கெட்டா? ஐயோ, இல்லை சார். காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. டீ குடிக்கும்போது கடையில் வாங்குவேன், அவ்வளவுதான். பாக்கெட்டு நான் வாங்கியதே இல்லை" என்றான். பதினோராம் வகுப்பில் தொடங்கிய பழக்கமாம். "பாக்கெட்டின் மேல் ஒரு படம் போட்டிருக்கிறதே, அது என்ன படம்?" என்றேன். சற்று நேரம் யோசித்தான். அவனுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை வீடு திரும்பும்போது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. காலையில் அந்த மாணவன் செய்த பிழையையே நம் புகையிலைக் கொள்கையும் செய்கிறது. அலகில் பிழை. சட்டம் பாக்கெட்டை அலகாகக் கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. இளைஞனோ ஒற்றைக் குச்சியை அலகாகக் கொண்டு வாங்குகிறான். அலகு மாறினால் மற்றெல்லாம் சரியாக இருந்தும் விடை தவறாகத்தானே வரும்? இக்கருத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கணக்கெடுப்புகள் கூறுவது என்ன?

முதலில் நியாயமான பாராட்டைக் கூறிவிடுவது நல்லது. நம் நாட்டில் வயதுவந்தோரின் புகையிலைப் பழக்கம் பற்றி 2009-10 ஆம் ஆண்டிலும், மீண்டும் 2016-17 ஆம் ஆண்டிலும் விரிவான கணக்கெடுப்புகள் நடந்தன. இவ்விரண்டுக்கும் இடையே, ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவோர் 34.6 விழுக்காட்டிலிருந்து 28.6 விழுக்காடாகக் குறைந்தனர். 15 முதல் 24 வயது வரையுள்ள இளைஞரிடையே இது 18.4 இலிருந்து 12.4 ஆகக் குறைந்தது. பொது இடங்களில் புகைத்தலுக்குத் தடை, விளம்பரத் தடை, எச்சரிக்கைப் படம், வரி உயர்வு ஆகியவை ஓரளவு பயன் தந்துள்ளன என்பதை யாரும் மறுக்க இயலாது.

ஆனால் நாடு முழுவதும் இறங்கிய அதே காலத்தில் தமிழ்நாட்டில் இந்த அளவு 16.2 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாக ஏறியது. சராசரி என்பது எப்போதும் முழு உண்மையையும் கூறுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அடுத்து, பள்ளி மாணவரிடையே 2019 ஆம் ஆண்டு நடந்த கணக்கெடுப்பைப் பார்ப்போம். 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துகின்றனர் என்று அது கூறிற்று. பத்தாண்டுகளுக்கு முந்தைய நிலையை நோக்க இது பெரிய வீழ்ச்சியே. எனினும் அவ்வறிக்கையின் உள்ளே செல்வோர் அதிர்ச்சியடைவர். சிகரெட்டு பிடித்த மாணவர்களில் 38 விழுக்காட்டினரும், பீடி பிடித்தவர்களில் 47 விழுக்காட்டினரும் தம் பத்தாவது பிறந்த நாளுக்கு முன்பே முதல் புகையை இழுத்திருந்தனர். சிகரெட்டு பிடித்தவர்களில் 69 விழுக்காட்டினர் அதைக் கடையிலோ தெரு வியாபாரியிடமோ தாமே வாங்கினர். அப்படி வாங்கியவர்களில் 45 விழுக்காட்டினரை, வயதைக் காரணம் காட்டி எந்தக் கடைக்காரரும் திருப்பி அனுப்பவில்லை.

பத்து வயதுச் சிறுவன் பாக்கெட்டு வாங்குவதில்லை. அவன் கையில் அதற்குக் காசில்லை. வாங்கினாலும் வீட்டில் ஒளித்து வைக்க இடமில்லை. அவன் வாங்குவது ஒன்றே ஒன்று. அதனை அங்கேயே பற்றவைத்து, அங்கேயே அணைத்து, வாயைக் கொப்பளித்துவிட்டுப் போகிறான்.

எல்லாம் அட்டையின் மேல்

சிகரெட்டு மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் பற்றிய நம் மையச் சட்டம் 2003 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இன்றளவும் நம் புகையிலைக் கட்டுப்பாட்டின் முதுகெலும்பு இதுவே. 2009 மே 31 முதல் பாக்கெட்டின் மீது எச்சரிக்கைப் படம் கட்டாயமாயிற்று. 2016 ஏப்ரல் முதல் அப்படமும் சொற்களும் சேர்ந்து பாக்கெட்டின் முகப்பில் 85 விழுக்காட்டுப் பரப்பை அடைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது. 2018 செப்டம்பர் முதல் பழக்கத்தை விட விரும்புவோர் பேசுவதற்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் அதே அட்டையில் அச்சாகிறது. அதிகபட்ச விலையும் அங்கேதான் இருக்கிறது.

85 விழுக்காடு என்பது உலக அளவில் மிகப் பெரிய எச்சரிக்கைகளில் ஒன்று. அதில் நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் பெட்டிக்கடையில் ஒற்றைச் சிகரெட்டு கைமாறும்போது அந்த அட்டை எங்கே இருக்கிறது? கடைக்காரரின் பலகைக்குப் பின்னால் இருக்கிறது. வாங்குபவன் கையில் வருவது வெள்ளைத் தாளில் சுற்றிய ஒரு குச்சி. அதன் மேல் எச்சரிக்கையின் பரப்பு சுழி விழுக்காடு. உதவி எண் இல்லை, விலை இல்லை.

இது அங்கொன்றும் இங்கொன்றுமாக நடப்பது என்று எண்ணிவிட வேண்டாம். 2016-17 கணக்கெடுப்பின்படி சிகரெட்டு பிடிப்போரில் 68 விழுக்காட்டினர் உதிரியாகவே வாங்குகின்றனர். அதாவது மூவரில் இருவருக்கு, நாம் பெருமைப்படும் எச்சரிக்கை சரியான முறையில் சென்று சேர்வதே இல்லை.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. அரசுக்கு ஒற்றைக் குச்சியை எண்ணத் தெரியாது என்பதில்லை. நம் நாட்டில் பல ஆண்டுகளாகவே சிகரெட்டு மீதான வரி, குச்சியின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று விதிக்கப்பட்டு வந்துள்ளது. வரி வாங்கும்போது குச்சிக் கணக்கு. எச்சரிக்கும்போது பாக்கெட்டுக் கணக்கு! ஒரே துறைக்கு இரண்டு அலகுகள் இருப்பதை எந்த ஆய்வகமும் ஏற்காது.

ஒன்று என்பது சிறிதா?

"ஒன்றுதானே சார்?" என்று மாணவர்கள் கேட்பார்கள். இக்கேள்விக்கு அறிவியல் தரும் விடையைக் காண்போம்.

சிகரெட்டை இழுக்கும் கணத்தில் அதன் கனன்ற நுனியின் வெப்பநிலை ஏறத்தாழ 900 பாகை செல்சியசைத் தொடுகிறது. அவ்வெப்பத்தில் இலை எரிந்தும் சிதைந்தும் பல ஆயிரம் வேதிப் பொருள்கள் உண்டாகின்றன. அவற்றுள் புற்றுநோய் விளைவிப்பவை எனக் கண்டறியப்பட்டவை ஏறத்தாழ எழுபது. புகையிலையில் பொலோனியம்-210 என்னும் கதிரியக்கத் தனிமமும் சிறிதளவு உண்டு என்பது இயற்பியல் மாணவர் பலர் அறியாத செய்தி. அது உமிழும் ஆல்பா துகளை ஒரு தாள் தடுத்துவிடும் என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். நுரையீரலுக்குள்ளே அமர்ந்துகொண்டால் தடுக்கத் தாள் ஏது?

நிக்கோட்டின் புகையோடு உள்ளே சென்று, சில நொடிகளில் மூளையை அடைகிறது. குருதியில் அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கதிரியக்கச் சிதைவுக்கு நாம் போடும் அதே கணக்குத்தான். காலை எட்டு மணிக்கு ஒரு பங்கு என்றால் பத்து மணிக்கு அரைப்பங்கு, நண்பகலில் கால்பங்கு, இரண்டு மணிக்கு அரைக்கால் பங்கு. அளவு குறையக் குறைய மூளை மீண்டும் கேட்கிறது. பழக்கம் இறுகியவனுக்கு மூன்றாவது பாடவேளையில் கவனம் சிதறுவதற்குப் பாடம் மட்டுமே காரணமன்று.

அடுத்து, ஒன்றுக்கு ஒரு பங்கு தீங்கு, இருபதுக்கு இருபது பங்கு தீங்கு என்று நாம் நேர்விகிதமாக எண்ணிக்கொள்கிறோம். இயற்கை அப்படி நடந்துகொள்வதில்லை. 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018 ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட்டு பிடிப்பவருக்கு ஏற்படும் கூடுதல் இதயநோய் ஆபத்து, நாளுக்கு இருபது பிடிப்பவருக்கு உள்ளதில் ஏறத்தாழப் பாதி. இருபதில் ஒரு பங்கு, அதாவது 5 விழுக்காடு என்று எதிர்பார்த்த இடத்தில் 40 முதல் 50 விழுக்காடு! வரைபடத்தில் இது நேர்கோடன்று; தொடக்கத்திலேயே செங்குத்தாக எழும் வளைவு.

அதே ஆண்டில் வேறொரு பகுப்பாய்வும் வெளிவந்தது. பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கெடுப்புகளை ஆராய்ந்து, ஒரு சிகரெட்டையேனும் பிடித்துப் பார்த்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இருவர், சில காலமாவது நாள்தோறும் புகைப்பவராக மாறினர் என்று அது கண்டது. ஆகவே தீங்கின் தொடக்க அலகு பாக்கெட்டு அன்று, முதல் குச்சிதான். உதிரி விற்பனை அந்த முதல் குச்சியை மிக மலிவாக, மிக எளிதாக, தடயமின்றி வழங்குகிறது.

நூறு கஜமும் இருநூறு ரூபாயும்

2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு இரண்டு தடைகளை விதிக்கிறது. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கலாகாது. கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் எவருக்கும் விற்கலாகாது. இத்தூரத்தைக் கல்வி நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து அளக்க வேண்டும் என்று விதி கூறுகிறது.

நூறு கஜம் என்பது 91.44 மீட்டர். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் மாணவன் இதை 66 நொடிகளில் கடந்துவிடுவான். அதுமட்டுமன்று. சட்டம் பள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. மாணவனின் நாளோ ஒரு நீண்ட கோடு. திருநின்றவூரிலிருந்தோ பட்டாபிராமிலிருந்தோ மின்தொடர் வண்டியில் ஆவடிக்கு வரும் ஒரு மாணவனை எண்ணிப் பாருங்கள். வீட்டுத் தெரு, நிலையம், நிலையத்துக்கு வெளியே டீக்கடை, திருவள்ளூர் நெடுஞ்சாலையின் பேருந்து நிறுத்தம் என்று அவன் வழி நீள்கிறது. அக்கோட்டில் சட்டத்தின் வட்டம் தொடுவது கடைசி ஒரு நிமிடத்தை மட்டுமே. வட்டம் வேண்டாம் என்று கூறவில்லை. வட்டம் மட்டும் போதாது என்கிறோம்.

தண்டனையிலும் இதே அளவுக் குழப்பம். ஆறாம் பிரிவை மீறினால் அபராதம் இருநூறு ரூபாய் வரை. ஆனால் 2015 ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77 ஆம் பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஒன்று உறைக்காத தண்டனை. மற்றொன்று, பெட்டிக்கடைக்காரர் மேல் பாய்ச்ச எவருக்கும் மனம் வராத தண்டனை. இரண்டுக்கும் நடுவே, நாள்தோறும் நடைமுறைப்படுத்தத்தக்க ஓர் ஏற்பாடு இல்லை.

தெரியாத மருந்தன்று

உதிரி விற்பனையின் தீங்கு அரசுக்குப் புதிய செய்தியன்று. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் உடன்படிக்கையை இந்தியா 2004 பிப்ரவரியில் ஏற்றுக்கொண்டது. சிறுவர்க்கு எட்டும் விலையில் சிகரெட்டு கிடைப்பதற்கு வழி செய்யும் ஒற்றை விற்பனையையும் சிறு பாக்கெட்டு விற்பனையையும் தடை செய்ய முயல வேண்டும் என்று அதன் 16 ஆம் பிரிவு கூறுகிறது. 2015 ஆம் ஆண்டிலும், பின்னர் 2020 ஆம் ஆண்டின் இறுதியிலும் மைய அரசு வெளியிட்ட திருத்த வரைவுகளில் உதிரி விற்பனைத் தடை இடம்பெற்றது. வாங்குவோர் வயதை 21 ஆக உயர்த்தும் யோசனையும் இருந்தது. பொதுமக்கள் கருத்துக் கேட்கப்பட்டது. ஆனால் அந்த வரைவுகள் சட்டமாக உருப்பெறவில்லை.

மனமிருந்தால் விரைவும் வரும் என்பதற்கு மின்சிகரெட்டு ஒரு சான்று. 2019 செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் வழியே அதன் உற்பத்தி, விற்பனை, இறக்குமதி யாவும் தடை செய்யப்பட்டன. மிகச் சிலரே பயன்படுத்திய ஒரு பொருளுக்குக் காட்டிய அந்த வேகத்தை, தெருவுக்குத் தெரு விற்கும் ஒற்றைச் சிகரெட்டுக்கு ஏன் காட்டவில்லை?

மாநிலங்கள் சில தாமே முன்வந்துள்ளன. கர்நாடகம் 2017 ஆம் ஆண்டிலும், மராட்டியம் 2020 ஆம் ஆண்டிலும் உதிரி விற்பனையைத் தடை செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பாக்கெட்டில் இருபதுக்குக் குறைந்து சிகரெட்டு இருக்கக் கூடாது. கனடா நாடு 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, ஒவ்வொரு குச்சியின் மேலும் எச்சரிக்கை வாசகத்தைக் கட்டாயமாக்கியது. உலகில் இதை முதலில் செய்த நாடு அதுவே. அலகைச் சரியாகப் பிடித்தவர்கள் அவர்கள் எனலாம்.

இங்கே பீடியையும் மறந்துவிடலாகாது. 2025 செப்டம்பரில் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், சிகரெட்டுக்கு 40 விழுக்காடு என முடிவு செய்த அதே கூட்டத்தில், பீடிக்கான வரியை 28 இலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்க முடிவு செய்தது. பீடி சுற்றும் ஏழைப் பெண்களின் வாழ்வு கருதிச் செய்ததாக இதற்குச் சமாதானம் கூறலாம். அவர்கள் வாழ்வு உயர வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்தில்லை. அதற்கு வழி கூலி உயர்வும் மாற்றுத் தொழிலுமே அல்லவா? மிகச் சிறு வயதில் கைக்கு வரும் பொருள்களுள் ஒன்றை மலிவாக்குவது எவ்வகையில் உதவியாகும்?

எதிர்ப்புரைகள்

உதிரி விற்பனையைத் தடுத்தால் பெட்டிக்கடைக்காரர் என்ன செய்வார் என்பது முதல் கேள்வி. இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. எங்கள் பகுதியில் ஆலை வேலை இழந்தபின் கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்களை நான் அறிவேன். இதற்கு விடை, தண்டனையைவிட உரிம முறையே. புகையிலை விற்கும் கடைகள் உள்ளாட்சி அமைப்பிடம் தனி உரிமம் பெற வேண்டும். அக்கடைகளில் மிட்டாய், பிஸ்கட்டு, குளிர்பானம் போன்றவற்றை விற்கக் கூடாது என்று மைய சுகாதார அமைச்சகம் 2017 செப்டம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. மிட்டாய் சீசாவும் சிகரெட்டும் ஒரே பலகையில் இருக்கும்வரை, மிட்டாய்க்கு நீட்டிய கை என்றாவது ஒரு நாள் அடுத்த பக்கம் நீளும். பிரித்துவிட்டால் பெரும்பாலான சிறு கடைக்காரர்கள் மிட்டாய்ப் பக்கமே நிற்பர் என்பது என் நம்பிக்கை.

ஒற்றையாக வாங்குபவர் குறைவாகப் புகைக்கிறார். பாக்கெட்டு வாங்க வைத்தால் கூடுதலாகப் புகைப்பார் என்பது இரண்டாவது வாதம். ஏற்கெனவே அடிமைப்பட்ட பெரியவர் சிலரிடம் இது உண்மையாகவும் இருக்கக்கூடும். அவர்களுக்குச் சிகிச்சையும் அறிவுரையும் வேண்டும். ஆனால் இன்னும் தொடங்காத சிறுவனுக்கு, பாக்கெட்டின் முழு விலை என்பது தாண்ட முடியாத ஒரு மதில். அந்த மதிலில் ஒரு குச்சி அளவுக்கு ஓட்டை போட்டு வைத்திருக்கிறோம்.

தடையாணை மட்டும் போதுமா என்பது மூன்றாவது. போதாது. தாளில் உள்ள தடை தெருவுக்கு வருவதற்கு உரிமமும் ஆய்வும் வேண்டும். உறைக்கும்படியான, ஆனால் கடையை மூடிவிடாத அபராதமும் வேண்டும். நம் மாநிலம் உதிரி விற்பனைக்குத் தெளிவான தடையும், ஆவடி போன்ற மாநகராட்சிகள் வழியே உரிமமும் கொண்டுவருமானால், சட்டத்தின் அலகும் சந்தையின் அலகும் முதன்முறையாக ஒன்றாகும்.

மாணவர்க்கு ஒரு செயல்முறை

இதைப் படிக்கும் மாணவர்கள் ஒரு சிறு செயல்முறையைச் செய்து பார்க்கலாம். ஆசிரியர் ஒருவரோடு, நீண்ட அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, உங்கள் பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து எல்லாத் திசையிலும் 91 மீட்டர் அளந்து ஒரு வரைபடம் வரையுங்கள். புகையிலை விற்கும் கடைகளை அதில் குறியுங்கள். எத்தனை கடைகளில் உதிரியாக விற்பனை நடக்கிறது என்பதையும் எழுதுங்கள். யாரோடும் சண்டை வேண்டாம். வரைபடத்தைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, அவர் வழியே உள்ளாட்சி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அளந்து எழுதிய ஒரு தாளைப் புறக்கணிப்பது, வாய்ச்சொல்லைப் புறக்கணிப்பதைவிடக் கடினம்.

அந்த முதலாண்டு மாணவனிடம், அன்று நான் 1800-11-2356 என்ற எண்ணை அவனுடைய ஆய்வகக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பாக்கெட்டு தோறும் அச்சாகும் எண்தான் அது. "இப்படியொரு எண் இருக்கிறதா, சார்?" என்று கேட்டான். இரண்டாண்டுகளாகச் சிகரெட்டு வாங்குகிறவன் கேட்ட கேள்வி இது.